மேப் தப்புக் காட்டினால் முதலில் பார்க்க வேண்டியது: டிரைவர் ஒருவரின் பிழை நீக்கும் குறிப்புகள்

கோவையிலிருந்து ஊட்டி, வால்பாறை, மதுரை, சென்னை என்று டூரிஸ்ட் கார் ஓட்டுகிறேன். ஸ்டாண்டில் யாராவது "அண்ணா, மேப் சரியில்லை" என்று போனை நீட்டினால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "சரியில்லைன்னா என்ன பண்ணுது?" பாதிப் பேருக்கு அதற்குப் பதில் தெரியாது. ஆப்பை அழித்துவிட்டு மறுபடி ஏற்றியிருப்பார்கள், போனை நாலு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணியிருப்பார்கள். காய்ச்சலா வயிற்றுவலியா என்று பார்க்காமல் மாத்திரை போடுவது மாதிரிதான் இதுவும்.

மேப் வழி காட்டுவதற்கு நான்கு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். செயற்கைக்கோள்களின் சிக்னலை வைத்து நாம் நிற்கும் இடத்தைப் போன் கண்டுபிடிக்க வேண்டும். டவர் வழியாக வரைபடமும் நெரிசல் விவரமும் வந்து சேர வேண்டும். போக வேண்டிய ஊருக்கு ஆப் சரியான பாதையைப் போட வேண்டும். இத்தனையையும் வெயிலில் உட்கார்ந்துகொண்டு சார்ஜ் தீராமல் போன் தாங்க வேண்டும். எது படுத்தாலும் நம் கண்ணுக்கு எல்லாம் ஒரே கோளாறாகத்தான் தெரியும்.

ஆகவே வண்டியை ஓரங்கட்டிவிட்டு முதலில் நீலப் புள்ளியைப் பாருங்கள். நாம் நிற்காத இடத்தில் புள்ளி நின்றால் கோளாறு சிக்னலில், அல்லது போன் கொடுத்திருக்கும் அனுமதியில். புள்ளி சரி, சுற்றிலும் வரைபடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது என்றால் டேட்டா. புள்ளியும் வரைபடமும் சரி, ஆனால் எல்லாம் தாமதமாக நகர்கிறது என்றால் சூடு அல்லது பேட்டரி. எல்லாமே சரி, போகிற வழி மட்டும் விசித்திரமாக இருக்கிறது என்றால், நாம் கொடுத்த ஊர்ப் பெயரிலோ ஆப்பின் வழித் தேர்விலோ தப்பு இருக்கிறது.

ஓரங்கட்டச் சொல்வது சும்மா இல்லை. 2020 அக்டோபர் 1 முதல் அமலில் உள்ள மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், வழி பார்ப்பதற்கு மட்டும், ஓட்டுபவரின் கவனம் சிதறாத விதத்தில் போனைப் பயன்படுத்த இடம் கொடுக்கிறது. செட்டிங்ஸுக்குள் போய்த் துழாவுவது அதில் சேராது. கீழே சொல்லப்போகும் எதையும் சக்கரம் உருளும்போது செய்யாதீர்கள்.

கிளம்பும்போது "ஜிபிஎஸ் தேடுகிறது" என்றே நிற்கிறது

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. இடத்தை உயரத்தோடு சேர்த்துச் சொல்ல, குறைந்தது நான்கின் சிக்னல் போனுக்குக் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு கோளும் 'நான் இப்போது இந்த இடத்தில் இருக்கிறேன்' என்ற விவரத்தை நொடிக்கு 50 பிட் வேகத்தில் அனுப்புகிறது. இன்றைய இன்டர்நெட்டோடு பார்த்தால் அது நத்தை நடை. ஒரு கோளின் விவரம் முழுதாக இறங்கவே 30 நொடி ஆகும். எல்லாக் கோள்களின் பொதுப் பட்டியலும் இறங்க 12.5 நிமிடம்.

தினசரி நமக்கு இந்தக் காத்திருப்பு தெரிவதில்லை, ஏனென்றால் அதே விவரத்தைப் போன் டேட்டா வழியாக நொடியில் வாங்கிவிடுகிறது. டேட்டா இல்லாத இடத்தில் போனை ஆன் செய்தாலோ, விமானத்தில் வந்து இறங்கினாலோ, அடித்தளப் பார்க்கிங்கிலிருந்து வெளியே வந்தாலோதான் தாமதம் தெரியும்.

செய்ய வேண்டியது மிக எளிது. டேட்டாவை ஆன் செய்து, வானம் தெரியும் இடத்தில் ஒன்றிரண்டு நிமிடம் நில்லுங்கள். ஓடுகிற வண்டியில் மரம், கட்டடம், பாலம் என்று சிக்னல் நடுவில் அறுபட்டால், அந்த 30 நொடிப் பாடத்தைப் போன் மறுபடி கேட்க வேண்டியிருக்கும். அவசரத்தில் கிளம்பிவிட்டு முதல் ஜங்ஷனில் திண்டாடுவதைவிட, பார்க்கிங் வாசலில் நின்று புள்ளி நிலைத்த பிறகு கிளம்புவது சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

புள்ளி பக்கத்துத் தெருவில் நிற்கிறது, அங்கும் இங்கும் தாவுகிறது

இதுதான் அதிகம் வரும் புகார், காரணங்களும் இதற்குத்தான் அதிகம். புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வட்டம் ஒன்று தெரியும். 'இந்த வட்டத்துக்குள் எங்கோ இருக்கிறீர்கள்' என்று போன் ஒப்புக்கொள்வதுதான் அது. திறந்த வெளியில் நல்ல போன் 5 மீட்டர் சுமாருக்குள் காட்டும். வட்டம் ஒரு தெருவையே விழுங்குகிறது என்றால் சிக்னல் குறைவு. ஊரையே விழுங்கும் அளவுக்கு இருந்தால், கோளாறு சிக்னலிலேயே இல்லை, அனுமதியில்.

ஆண்ட்ராய்டு 12-லிருந்து, ஆப் ஒன்று இடம் கேட்கும்போது 'துல்லியமான இடம்', 'தோராயமான இடம்' என்று இரண்டு படம் காட்டும். அவசரத்தில் தோராயத்தைத் தொட்டுவிட்டால், ஏறக்குறைய 3 சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் எங்கோ ஒரு புள்ளிதான் ஆப்புக்குக் கிடைக்கும். செட்டிங்ஸில் லொகேஷன், ஆப் பெர்மிஷன் என்று போய் மேப்ஸைத் தொட்டு 'துல்லியமான இடம்' ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். ஐபோனில் பிரைவசி, லொகேஷன் சர்வீசஸ், அதற்குள் மேப்பின் பெயர் என்று போனால் இதே பொத்தான் இருக்கும். எங்கள் ஸ்டாண்டில் ஒரு தம்பி இரண்டு வாரம் 'போன் ரிப்பேர்' என்று சொல்லிக்கொண்டு, சவாரி ஏற்றும் இடத்தை ஒவ்வொரு தடவையும் ஆளைக் கேட்டே கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு பொத்தானைத் தள்ளியதும் சரியாகிவிட்டது. அதே லொகேஷன் பக்கத்தில் இருக்கும் 'லொகேஷன் அக்யூரசி'யையும் ஆன் செய்துவிடுங்கள். சுற்றியுள்ள வைஃபையையும் டவரையும் சேர்த்துக் கணக்குப் போட அது உதவும்.

அனுமதி சரியாக இருந்தும் தாவுகிறதா? அப்படியானால் காருக்குள் பாருங்கள். வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சு பூசிய முன்கண்ணாடி சிக்னலையும் தடுக்கும். போன் ஏசி துவாரத்தில் தாழ்வாக மாட்டியிருந்தால் அதற்கு வானம் கொஞ்சம்தான் தெரியும். இன்னொன்று, பலரும் சந்தேகப்படாதது: விலை குறைந்த டேஷ்கேமும் சிகரெட் லைட்டர் சார்ஜரும். ஜிபிஎஸ் சிக்னல் 1575.42 மெகாஹெர்ட்ஸில் வருகிறது, பூமிக்கு வந்து சேரும்போது அது மிக மெலிந்திருக்கும். பக்கத்தில் சரியாக மூடப்படாத மின்சுற்று ஒன்று இரைச்சல் போட்டால் முங்கிப்போகும்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. ஜிபிஎஸ்டெஸ்ட் என்ற இலவச ஆப்பைத் திறந்தால் எந்தெந்தக் கோள் தெரிகிறது, ஒவ்வொன்றின் சிக்னல் வலு எவ்வளவு என்று வரிசையாகக் காட்டும். வலு எண் 30-க்கு மேல் பல கோள்களுக்கு இருந்தால் நல்லது. எல்லாம் 20-ஐ ஒட்டியே இருந்தால் ஏதோ தடுக்கிறது. என் வண்டியில் டேஷ்கேம் மாட்டிய பிறகு புள்ளி ஆட ஆரம்பித்தது. இந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே கேமின் ஒயரைப் பிடுங்கினேன். 24, 22 என்று கிடந்த எண்கள் பத்து நொடிக்குள் 36, 38 என்று ஏறின. மறுபடி சொருகினால் இறங்கின. கேமைக் கண்ணாடியின் இடது கோடிக்கும் போனை வலது பக்கத்துக்கும் நகர்த்தினேன், தொல்லை விட்டது.

உயரக் கட்டடங்களுக்கு நடுவில் காரணம் வேறு. சிக்னல் சுவரில் மோதித் திரும்பி வரும்போது கூடுதல் தூரம் நடந்து வருகிறது. போனோ அது நேராக வந்ததாக நினைத்துக் கணக்குப் போடும். நொடியில் பத்துலட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே 300 மீட்டர் தப்பு. 2018 முதல் வரத்தொடங்கிய இரட்டை அலைவரிசைப் போன்கள் எல்5 என்ற இன்னொரு சிக்னலையும் வாங்குவதால், நேராக வந்ததையும் மோதி வந்ததையும் ஓரளவு பிரித்தறியும். நம் நாட்டு நாவிக் கோள்களும் எல்5-ல் ஒலிபரப்புகின்றன. தினமும் ஓட்டிப் பிழைப்பவர்கள் புதுப் போன் வாங்கினால் கேமராவுக்கு முன்னால் இதைக் கேட்டு வாங்கலாம் என்பது என் கருத்து.

நிற்கும்போது அம்புக்குறி எதிர்த்திசையைக் காட்டுகிறது

வண்டி நகரும்போது திசையை நகர்வை வைத்தே போன் கண்டுபிடிக்கும். நிற்கும்போது அதன் உள்ளே இருக்கும் காந்தத் திசைகாட்டிதான் துணை. காந்தம் வைத்த ஸ்டாண்டில் போனை ஒட்டினால் திசைகாட்டி குழம்பத்தானே செய்யும்? காந்த மூடி வைத்த கவரும் அப்படித்தான். போனைக் கையில் எடுத்து காற்றில் எட்டு எழுதுவது போல் சில தடவை சுழற்றுங்கள், அல்லது நீலப் புள்ளியைத் தொட்டு 'கேலிபிரேட்' கொடுங்கள். கிளிப் வைத்த ஸ்டாண்டுக்கு மாறிவிட்டால் அந்தச் சிரமமும் இல்லை. இப்போதைக்கு அவசரம் என்றால் இருபது முப்பது மீட்டர் மெதுவாக நகருங்கள், அம்பு தானே திரும்பும்.

பாலத்தின் மேலா கீழா என்று தெரியாமல் உளறுகிறது

சென்னை கத்திப்பாராவில் முதல் தடவை ஓட்டியவர்களுக்கு இது புரியும். 2008-ல் திறந்த அந்தக் குளோவர் இலை மேம்பாலத்தில் கிளைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் போகின்றன. அதற்கும் மேலே மெட்ரோ. ஜிபிஎஸ்ஸின் உயரக் கணக்கு, கிடைமட்டக் கணக்கைவிடப் பொதுவாகப் பிழை கூடியது. போதாததற்கு, புள்ளியை அருகில் உள்ள ஏதோ ஒரு ரோட்டின் மேல் ஆப் இழுத்து ஒட்டவைக்கும். மேல் ரோடும் கீழ் ரோடும் பக்கம் பக்கமாக இருந்தால் தப்பான ரோட்டில் ஒட்டிவிடும், அதன் பிறகு 'யூ டர்ன்' என்று கத்தும்.

இதைப் போனில் சரிசெய்ய முடியாது. நாம்தான் ஈடுகட்ட வேண்டும். மேம்பாலத்துக்கு அரைக் கிலோமீட்டர் முன்பே, ஏற வேண்டுமா சர்வீஸ் ரோட்டில் போக வேண்டுமா என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துச் சொல்லும்படி பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். தனியாகப் போனால் கிளம்புமுன் ஒருமுறை பாதையைப் பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள். கூகுள் மேப்ஸ் 2024 ஜூலையில் இந்தியாவின் 40 நகரங்களில் மேம்பால அறிவிப்பைக் கொண்டுவந்தது. ஆப்பைப் புதுப்பித்து வைத்திருந்தால் அது உதவும். எனக்கு இன்னும் முதல் சாட்சி பச்சைப் பலகைதான்.

மலை ஏறியதும் வரைபடம் வெள்ளையாகிவிடுகிறது

பலர் இதை 'ஜிபிஎஸ் போயிருச்சு' என்பார்கள். போகவில்லை. ஜிபிஎஸ்ஸுக்கு டவர் வேண்டாம், சிம் கூட வேண்டாம். போனது டேட்டா. ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். முன்பே பாதையைப் போட்டுக் கிளம்பியிருந்தால் அது பெரும்பாலும் போனில் தங்கியிருக்கும், தொடர்ந்து வழி சொல்லும். நடுவில் ஒரு டீக்கடைக்குத் திரும்பினாலோ ஆப்பை மூடித் திறந்தாலோதான் வெள்ளைத் திரை.

முதல் நாள் இரவே வீட்டு வைஃபையில், மேப்ஸில் வலது மேல் மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தொட்டு, 'ஆஃப்லைன் மேப்ஸ்' போய், போகிற பகுதி முழுவதையும் கட்டத்துக்குள் அடக்கி இறக்கிக்கொள்ளுங்கள். மலையை மட்டும் இறக்காதீர்கள், அடிவாரமும் மறுபக்கத்து இறக்கமும் சேரட்டும். இறக்கிய வரைபடத்துக்குக் காலாவதி உண்டு, அந்தப் பக்கத்திலேயே தேதி இருக்கும். ஆஃப்லைனில் கார் வழி கிடைக்கும், நெரிசல் நிலவரம் கிடைக்காது. மண்சரிவால் ரோடு அடைபட்டிருப்பதும் தெரியாது. மழைக்காலத்தில் செக்போஸ்ட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் நான் ஏறுவேன்.

திருப்பம் தாண்டிய பிறகு "திரும்பு" என்கிறது, திரை மங்குகிறது, ஆப் தானாக மூடுகிறது

போனைத் தொட்டுப் பாருங்கள். கை சுட்டால் வேறு காரணம் தேட வேண்டாம். ஆப்பிள் நிறுவனமே ஐபோனை 0 முதல் 35 டிகிரி வரை உள்ள சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது. சித்திரை மாதம் கண்ணாடிக்குப் பின்னால் உள்ள டாஷ்போர்டு அதையெல்லாம் எப்போதோ தாண்டியிருக்கும். சூடு ஏறினால் போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தையும் வெளிச்சத்தையும் குறைக்கும், சார்ஜ் ஏறுவதையும் நிறுத்தும். ஏசி காற்று படும் இடத்துக்கு ஸ்டாண்டை மாற்றுங்கள், கவரைக் கழற்றுங்கள். ஃபிரிட்ஜிலோ ஐஸிலோ வைக்காதீர்கள், உள்ளே ஈரம் கோத்துவிடும்.

சூடு இல்லாமலே ஆப் மூடினால் பேட்டரி சேவரை அணையுங்கள். பிறகு ஆப் விவரத்தில் பேட்டரி என்ற இடத்தில் மேப்ஸுக்கு 'அன்ரெஸ்ட்ரிக்டட்' கொடுங்கள். சில கம்பெனிப் போன்கள் பின்னால் ஓடும் ஆப்களை இரக்கமில்லாமல் மூடும். போன் அழைப்பு வந்து முடிந்ததும் மேப் காணாமல் போகிறது என்றால் இதுதான் காரணம்.

குரல் மட்டும் தாமதம் என்றால் புளூடூத். காரின் ஸ்பீக்கர் விழித்துக்கொள்ள ஒரு நொடி எடுத்துக்கொள்ளும், அதற்குள் 'இடது' என்ற முதல் வார்த்தை விழுங்கப்பட்டுவிடும். எஃப்எம் ஓடும்போது குரலே வராது. நேவிகேஷன் செட்டிங்ஸில் புளூடூத்தில் குரல் கேட்பதை அணைத்துவிட்டால் போன் ஸ்பீக்கரிலேயே பேசும்.

சார்ஜரில் இருந்தும் பேட்டரி இறங்குகிறது, கார் திரையில் மேப் அணைந்து அணைந்து வருகிறது

காரோடு வரும் பழைய யுஎஸ்பி துளை பெரும்பாலும் பாட்டு கேட்பதற்கானது, அரை ஆம்பியர்தான் தரும். திரை முழு வெளிச்சத்தில் மேப் ஓடும்போது அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. லைட்டர் துளையில் நல்ல வேக சார்ஜர் போடுங்கள்.

அணைந்து அணைந்து வருவதற்குப் பெரும்பாலும் ஒயர்தான் காரணம். சென்ற வருடம் ஒவ்வொரு வேகத்தடையிலும், போனின் மேப்பைக் கார் திரையில் காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோ துண்டித்துக்கொண்டது. மூன்று ஒயர் மாற்றினேன், மூன்றும் நாலைந்து நாளில் அதே கதை. ஒருநாள் போனை அணைத்துவிட்டு, டார்ச் அடித்துச் சார்ஜ் துளைக்குள் பார்த்தேன். அடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ மெத்தை போல் இருந்தது. மரப் பல்குத்தியால் ஓரமாக நெம்பினேன். சட்டைப்பையில் சேரும் பஞ்சு, அழுத்தி அழுத்தி அட்டை போல் ஆகியிருந்தது, அரை மில்லிமீட்டர் கனம் இருக்கும். அது வெளியே வந்த பிறகு பழைய ஒயரே 'டக்'கென்று உள்ளே போய் உட்கார்ந்தது. ஊசி, பின் எதுவும் விடாதீர்கள். மரக்குச்சிதான், அதுவும் போன் ஆஃபில் இருக்கும்போது.

ஒயர் போட்டால் புள்ளி தப்பு, கழற்றினால் சரி என்றால் போனில் கோளாறு இல்லை. சில கார்கள் தங்கள் சொந்த ஜிபிஎஸ் ஆன்டெனாவின் கணக்கைப் போனுக்குக் கொடுக்கும். அந்த ஆன்டெனா அல்லது அதன் ஒயர் கெட்டிருக்கும். ஸ்டீரியோ மாற்றிய வண்டிகளில் அதைச் சொருகவே மறந்திருப்பார்கள். அதை ஸ்டீரியோ பொருத்தியவரிடம் காட்டுங்கள்.

புள்ளி சரி, வழிதான் விபரீதம்

மதுரையில் ஒரு குடும்பம் ஏறியது, திருப்பத்தூரில் கல்யாணம். பெயரைத் தட்டினேன், கிளம்பினேன். ரிங் ரோடு வந்ததும் ஓரக்கண்ணில் தூரம் பட்டது: 300 கிலோமீட்டரைத் தாண்டிய எண். சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் மதுரையிலிருந்து 60 சுமார்தான். வேலூர் பக்கம் இருக்கும் இன்னொரு திருப்பத்தூருக்கு வழி போட்டுவிட்டது. ஆலங்குடியும் இப்படித்தான். குரு கோயில் ஆலங்குடி திருவாரூர் மாவட்டம், தாலுகா ஆலங்குடி புதுக்கோட்டை மாவட்டம். ஊர்ப்பெயரைப் போட்டதும் 'ஸ்டார்ட்' அழுத்துமுன் தூரத்தையும் நேரத்தையும் ஒருமுறை படிப்பது அன்றிலிருந்து என் வழக்கம். முடிந்தால் போகிற வீட்டிலிருந்து லொகேஷனை அனுப்பச் சொல்லுங்கள். மேப்பில் இடத்தைக் காட்டும் குறி கோயிலின் நடுவில் இருக்கும், வண்டி அங்கே போகாது என்பதும் உண்டு. மதுரை மீனாட்சியம்மன் கோயில் என்று போட்டால் வண்டி நுழையவே கூடாத சித்திரை வீதிகளை நோக்கி இழுக்கும். பார்க்கிங்கின் பெயரைப் போடுங்கள்.

ஊர் சரியாக இருந்தும் சந்து பொந்தாகக் கூட்டிப்போகிறதா? மேலே வாகன வகையைப் பாருங்கள். பைக் படம் தேர்வாகியிருந்தால் காரில் போக முடியாத தெருவுக்கும் வழி காட்டும். வழித் தேர்வில் 'டோல் தவிர்' டிக் ஆகியிருக்கிறதா பாருங்கள். எப்போதோ ஒருநாள் வைத்தது அப்படியே நின்று, நாலுவழிச் சாலையை விட்டு ஊருக்குள் ஊராகச் சுற்றவைக்கும்.

மலைப்பாதையில் இது உயிர் விஷயம். ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழி குறுக்குதான், ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகள், கடும் இறக்கம், வெளியூர் வண்டிகளை அந்தப் பக்கம் இறங்கப் போலீஸ் விடுவதில்லை. கூடலூரிலிருந்து மைசூருக்குப் போனால் பந்திப்பூர்க் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். குறுகிய வழி என்று திரை காட்டினாலும் கூடலூர் வழியாகவே இறங்குங்கள், காட்டுக்குள் எட்டு மணிக்கு முன் நுழைகிற மாதிரி கிளம்புங்கள்.

இத்தனையும் செய்தும் புள்ளி வேறு ஊரில்

வேலைக்காகவோ விளையாட்டுக்காகவோ யாராவது போலி இடம் காட்டும் ஆப்பை ஏற்றியிருக்கலாம். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் 'மாக் லொகேஷன்' இடத்தில் ஏதாவது ஆப் இருந்தால் நீக்குங்கள். பழைய போன் வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள்.

அதுவும் இல்லை, போன் ஒருமுறை கீழே விழுந்தது அல்லது டிஸ்ப்ளே மாற்றிய பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது என்றால், மொட்டைமாடியில் வைத்து ஜிபிஎஸ்டெஸ்ட் பாருங்கள். வேறொரு போனையும் பக்கத்தில் வையுங்கள். அதில் எண்கள் 35, 40 என்று நிற்கும்போது உங்கள் போனில் எல்லாம் 20-க்குக் கீழே கிடந்தால் ஆன்டெனாவின் இணைப்பு விட்டிருக்கிறது. இரண்டு திரையையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு சர்வீஸுக்குப் போய், "ஜிபிஎஸ் ஆன்டெனா கான்டாக்ட் பாருங்க" என்று குறிப்பாகச் சொல்லுங்கள். 'மேப் சரியில்லை' என்று மட்டும் சொன்னால் சாஃப்ட்வேர் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.